தன்னையே கணக்கெடுத்த வணிகர்: கவி பனாரசிதாசர்

மதுரையை அடுத்த அழகர்மலைக் குகைத்தளத்தில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துகளில் வணிகர் சிலரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. உப்பு விற்றவர், கொழு விற்றவர், அறுவை எனப்படும் துணி விற்றவர் என அவரவர் தொழிலும் பெயருடன் சேர்ந்தே நிற்கிறது. கரூரை அடுத்த புகளூர் மலையிலும் பொன் வணிகர் ஒருவர் துறவியர் பொருட்டுச் செய்த அறம் குறிக்கப்பட்டுள்ளது. வணிகமும் அருகனின் அறமும் எத்துணைத் தொன்மையான உறவுடையவை என்பதற்கு இக்கல்வெட்டுகள் சான்றாகின்றன.

ஆயினும் கல்லில் கொடை மட்டுமே ஏறும். கொடுத்தவர் எவ்வாறு ஈட்டினார், எங்கே இழந்தார், எந்த இடத்தில் மனம் தடுமாறினார் என்பனவற்றைக் கல் சொல்வதில்லை. அவற்றை எல்லாம் ஒரு சமண வணிகர் தாமே எழுதிவைத்த அரிய நிகழ்ச்சி வடநாட்டில் 1641ஆம் ஆண்டு நிகழ்ந்தது. ஆக்ரா நகரத்து வணிகரும் கவிஞருமான பனாரசிதாசர், தமது ஐம்பத்தைந்தாம் வயதில், 675 செய்யுள்களில் தம் வரலாற்றை எழுதி முடித்தார். மனித வாழ்நாள் நூற்றுப்பத்து ஆண்டு என்ற கணக்கில் தாம் கடந்தது பாதியே என்பதால், நூலுக்கு ‘அர்த்தகதானகம்’, அதாவது ‘பாதிக் கதை’ என்று பெயரிட்டார்.

இந்திய மொழிகளில் தோன்றிய தன்வரலாறுகளுள் மிகப் பழையவற்றில் ஒன்றாக இந்நூலை அறிஞர் போற்றுகின்றனர். ஈட்டியதும் இழந்ததும், நம்பி ஏமாந்ததும் பிறரை ஏமாற்றியதும், மயங்கியதும் தெளிந்ததும் இதில் நாள்வழிப் பதிவு போல் வரிசையாக வருகின்றன. தசலட்சண தருமங்களுள் மூன்றாவதாகிய உத்தம ஆர்ஜவம், மனம், மொழி, மெய் மூன்றும் கோணாது ஒன்றி நிற்பதைக் குறிக்கும். ஒவ்வோர் ஆண்டும் ஜினாலயங்களில் ஓதி விளக்கப்படும் அத்தருமம், கடையும் கடனும் குடும்பமும் உள்ள ஓர் இல்லறத்தானின் வாழ்வில் எவ்வடிவம் கொள்ளும் என்பதைப் பனாரசிதாசரின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

இரத்தின வணிகர் குடி

பனாரசிதாசரின் முன்னோர், உரோத்தக் நகரை அடுத்த பிகோலி என்னும் சிற்றூரைச் சேர்ந்த இராஜபுத்திரர்கள். ஒரு குருவின் உபதேசத்தால் ஜினதருமத்தை ஏற்று, ஸ்ரீமால் வணிக குலத்தில் இணைந்தவர்கள். பாட்டனார் மூலதாசர் மால்வா நாட்டு நர்வாரில் முகலாய அதிகாரி ஒருவரிடம் பணியாற்றி வந்தார். அவர் இறந்ததும், அந்த அதிகாரி வீட்டையும் பொருளையும் கைப்பற்றிக்கொண்டார். கைம்பெண்ணும் சிறு பிள்ளையுமாக இருவர், பெண்ணின் பிறந்தகமாகிய ஜவுன்பூரை அடைந்தனர். அப்பிள்ளையே பனாரசிதாசரின் தந்தை கரக்சேனர். அவர் வளர்ந்து, மணிகளின் நீரோட்டம் அறியும் இரத்தின வணிகரானார்.

அக்காலத்தில் மணி வாணிகம் செல்வத்தை மட்டுமன்றி ஆபத்தையும் உடன் கொணர்ந்தது. பனாரசிதாசரின் சிறு வயதில், ஜவுன்பூரை ஆண்ட நவாப் கிலீஜ்கான், தாம் விரும்பிய பொருள் கிட்டவில்லை என்பதற்காக நகரத்து மணி வணிகர் அனைவரையும் சிறைப்படுத்திக் கசையால் அடிப்பித்தார். விடுதலை பெற்றோர் குடும்பத்துடன் நகரை விட்டு ஓடினர். கரக்சேனரும் ஓடினார். அந்த அலைச்சலுக்கிடையே சிறுவன் பனாரசி சோழிகளை விற்றுச் சில காசு ஈட்டினான். பேரனின் முதல் வருவாயைக் கண்டு மகிழ்ந்த பாட்டி, இனிப்பு வாங்கிப் பிறருக்கு வழங்கினார்.

பெயரில் தொடங்கிய உண்மை

விக்கிரம ஆண்டு 1643இல், கி.பி. 1586-87இல், பிறந்த குழந்தைக்கு முதலில் விக்கிரமஜித் என்று பெயரிட்டனர். சில மாதங்கள் கழித்துக் குடும்பத்தார் பார்சுவநாத தீர்த்தங்கரர் பிறந்த தலமாகிய காசிக்குச் சென்றனர். அங்கிருந்த பூசகர் மூச்சடக்கித் தியானத்தில் அமர்ந்து, பின்னர் கண் திறந்து, பகவானின் யட்சன் தம்முன் தோன்றியதாகவும், பகவான் பிறந்த ஊரின் பெயரையே குழந்தைக்கு வைக்கும்படி பணித்ததாகவும் கூறினார். பெற்றோர் நெகிழ்ந்து பனாரசிதாசன் என்று பெயர் மாற்றினர்.

வேறொருவர் எழுதியிருந்தால் இந்நிகழ்ச்சி ஒரு தெய்விக அற்புதமாக நூலின் தொடக்கத்தை அலங்கரித்திருக்கும். பனாரசிதாசரோ, அந்தத் தியானம் பொய், அந்த மௌனம் கபடம் என்று வெளிப்படையாக எழுதுகிறார். வாழ்நாள் முழுதும் தாம் சுமந்த பெயர், தமக்குப் புகழ் தேடித் தந்த பெயர், ஒரு நடிப்பினால் கிடைத்தது என்பதை மறைக்க அவர் விரும்பவில்லை. பகவானிடம் அவருக்கிருந்த பக்தி இதனால் குறையவும் இல்லை. பக்தி வேறு, பக்தியின் பெயரால் கூறப்படும் பொய் வேறு என்ற பகுப்பை அவர் தம் பிறப்புக் கதையிலேயே செய்துவிடுகிறார்.

இளமை குறித்தும் அதே நேர்மை காணப்படுகிறது. பதினான்கு வயதில் நிகண்டும் சோதிடமும் அணியிலக்கணமும் கற்ற இளைஞர், காமத்தின் வயப்பட்டுத் தந்தையின் பெட்டியிலிருந்து மணிகளைத் திருடிச் செலவழித்தார். மாமனார் ஊராகிய கைராபாதில் கொடிய தோல்நோய் கண்டு, பிறர் அணுகவும் அஞ்சிய நிலையில், மனைவியும் மாமியாரும் மட்டுமே அவரைப் பேணினர். பின்னர் ஒரு சந்நியாசி, ஒரு மந்திரத்தை ஓராண்டு மறைவாக உருவேற்றினால் நாள்தோறும் வாசலில் ஒரு பொற்காசு கிடைக்கும் என்றார். வணிகன் மகன் அதை நம்பினார். ஓராண்டு முடிந்தது, வாசலில் காசு இல்லை. உழைப்பின்றி வரும் பொருளில் தமக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பதை இந்த ஒரு நிகழ்ச்சியால் அவர் படிப்போருக்கு அளந்து காட்டிவிடுகிறார்.

கோமதிப் பாலத்தில்

1605 அக்டோபரில் பேரரசர் அக்பர் மறைந்த செய்தி ஜவுன்பூரை எட்டியது. மாடிப்படியில் அமர்ந்திருந்த பனாரசிதாசர் அதைக் கேட்டு மயங்கி விழுந்தார்; தலையில் குருதி பெருகியது. நகரில் கடைகள் அடைபட்டன. செல்வர் நகைகளைப் புதைத்துவிட்டு முரட்டுத் துணி உடுத்தினர். யார் செல்வர், யார் வறியர் என்று அறிய இயலாதபடி நகரமே வேடம் பூண்டது. ஜஹாங்கீர் அரியணை ஏறினார் என்ற செய்தி வந்த பின்னரே அச்சம் தணிந்தது.

அக்காலத்தில் பனாரசிதாசர், ஒரு யோகி கொடுத்த சங்கை வைத்து மறைவாகப் பூசை செய்துவந்தார். படியிலிருந்து விழுந்தபோது அப்பூசை தம்மைக் காக்கவில்லையே என்ற எண்ணம் எழுந்தது. சிந்திக்கத் தொடங்கிய மனம் அங்கேயே நிற்கவில்லை. ஒரு மாலை, நண்பர் புடைசூழக் கோமதியாற்றுப் பாலத்தில் அமர்ந்து, தாம் இயற்றிய காதற் காவியத்தைப் படித்துக்கொண்டிருந்தார். ஏறக்குறைய ஆயிரம் செய்யுள் கொண்ட நூல் அது. ஒரு பொய் சொன்னவனுக்கே துன்பம் உண்டென்றால், நடவாத நிகழ்ச்சிகளையும் உணராத உணர்வுகளையும் அடுக்கி நூல் முழுதும் பொய் எழுதிய தமக்கு என்ன கதி என்று அவருக்குத் தோன்றியது. ஏட்டுக்கட்டை ஆற்றில் எறிந்தார். நண்பர்கள் பதறினர், தாள்கள் ஒவ்வொன்றாக நீரில் பிரிந்து சென்றன.

அன்று தொடங்கி அவர் ஜினாலயம் செல்வதும் விரதம் ஏற்பதுமாக ஒழுகலானார். ஆயினும் ஒரே நாளில் குற்றமற்றவராக மாறிவிட்டதாக அவர் எங்கும் கூறவில்லை. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுக் கதையும் தடுமாற்றங்களின் கதையே. வேறுபாடு ஒன்றே: அதன்பின் தாம் தடுமாறியதை அவர் அறிந்திருந்தார்.

ஆக்ராவில் ஒரு கடன்

1610 வாக்கில் கரக்சேனர் தம் மகனிடம் குடும்பப் பொறுப்பை ஒப்படைத்தார். சில மோதிரங்கள், மாணிக்கம், மரகதம், நீலம் முதலிய மணிகள், நெய், எண்ணெய், ஜவுன்பூர்த் துணி ஆகியவற்றைப் பட்டியலிட்டுக் கொடுத்து, ஆக்ராவுக்குச் சென்று விற்று வருமாறு அனுப்பினார். மழையிலும் சேற்றிலும் வண்டியுடன் போராடி மகன் ஆக்ராவை அடைந்தார்.

அங்கே வாணிகம் தலைகீழாயிற்று. இடுப்பு நாடாவில் முடிந்து வைத்த மணிகள் அவிழ்ந்து வீழ்ந்தன. துணியில் கட்டி வைத்தவற்றை எலி இழுத்துச் சென்றது. நகை வாங்கியவர் கடனில் மூழ்கினார், பணம் வரவில்லை. துணியும் நெய்யும் விற்ற தொகை உணவுக்கும் கூலிக்கும் கரைந்தது. இந்தச் செய்தி பிறரொருவர் எழுதிய மடல் வழியாகவே தந்தையை எட்டியது. கையில் ஏதுமற்ற மகன், இரவுதோறும் தம் இருப்பிடத்தில் மதுமாலதி, மிருகாவதி ஆகிய கதைகளைப் பாடிக் கேட்போரை மகிழ்வித்துக்கொண்டிருந்தார். பத்திருபது பேர் வந்து கேட்டனர்.

அவர்களுள் கச்சோரி சுட்டு விற்பவர் ஒருவரும் இருந்தார். அவர் கடையில்தான் பனாரசிதாசர் நாள்தோறும் கடனுக்கு உண்டார். சில காலம் கழித்து, அவரைத் தனியே அழைத்து, தம்மிடம் பணம் இல்லை, எப்போது வரும் என்றும் தெரியாது, ஆகையால் இனிக் கடன் கொடுக்க வேண்டா என்று பனாரசிதாசர் கூறினார். கேட்டவரோ, இருபது ரூபாய் அளவுக்கும் உண்ணலாம், யாரும் வந்து கேட்கமாட்டார்கள் என்று விடை தந்தார். ஆறேழு மாதங்கள் இவ்வாறு சென்றன. பின்னர் உறவினர் ஒருவரின் ஆதரவால் பனாரசிதாசருக்குத் தொழில் கிடைத்தபோது, கச்சோரிக் கணக்குப் பார்க்கப்பட்டது. பதினான்கு ரூபாய். அதை அவர் முழுமையாகத் தீர்த்தார்.

கடன் தீர்த்தது பெரிது. கேட்கப்படுவதற்கு முன்பே தம் நிலையைச் சொன்னது அதனினும் பெரிது. பசித்தவன் தன் உணவு நின்றுவிடக்கூடும் என்று அறிந்தே உண்மையைக் கூறினான். வாணிகத்தில் பெரும்பாலான பொய்கள் ஒருவரை ஏமாற்றும் நோக்கத்தில் பிறப்பதில்லை. அடுத்த வாரம் பணம் வந்துவிடும் என்று கடன்பட்டவர் முதலில் தம்மைத் தாமே நம்பவைத்துக்கொள்கிறார்; பிறகு அதையே கடன் கொடுத்தவரிடமும் சொல்கிறார். பனாரசிதாசர் அந்த முதற்பொய்யைச் சொல்லிக்கொள்ளவில்லை. அதனால் இரண்டாம் பொய்க்கு இடம் எழவில்லை.

வரவும் செலவும் சமமான ஆண்டுகள்

அதன்பின் ஐந்நூறு ரூபாய் முதலில் தர்மதாசர் என்பவருடன் கூட்டு வாணிகம் தொடங்கினார். மணி வாங்குவதும் மெருகேற்றி விற்பதுமாக ஈராண்டு உழைத்தார். முடிவில் கணக்கு முடித்தபோது, ஈட்டியது இருநூறு ரூபாய். உண்டு உடுத்துச் செலவானதும் இருநூறு ரூபாய். கூட்டு முறிந்தது. ஈராண்டு உழைப்பின் பயன் சுழியம் என்பதை அவர் ஒரு நகைப்புடன் எழுதுகிறார்.

அங்கிருந்து கிளம்புகையில் வழியில் ஒரு சிறு முடிப்புக் கிடந்தது. அவிழ்த்தால் எட்டு முத்துகள். மகிழ்ச்சியுடன் எடுத்துக்கொண்டார். விழுந்து கிடக்கும் பொருளையும் மறந்து விடப்பட்ட பொருளையும் கவர்தல் கள்ளாமை விரதத்துக்கு இழுக்கு என்று சிராவக ஒழுக்க நூல்கள் கூறுகின்றன. அதை அறியாதவர் அல்லர் பனாரசிதாசர். ஆயினும் அச்செயலுக்கு ஒரு காரணமும் கற்பிக்காமல், விட்டுவிடவும் இல்லாமல், நடந்ததை நடந்தவாறே பதிவு செய்தார்.

கைராபாதில் மனைவியைச் சந்தித்தபோது, தோற்றுத் திரும்பிய கணவரிடம் அவ்வம்மையார், தாம் மறைவாகச் சேர்த்து வைத்திருந்த இருபது ரூபாயைக் கொடுத்தார். தாயாரிடம் நிலைமையை எடுத்துரைக்க, அத்தாயார் இருநூறு ரூபாய் தந்து உதவினார். பெரும் வணிகர் பலரின் வரலாறுகளில் காணக்கிடைக்காத வரவு இது. தம் முதல் எங்கிருந்து வந்தது என்பதை மறைத்து, தம் திறமையால் எழுந்ததாகக் காட்டிக்கொள்ளுதல் எளிது. பனாரசிதாசர் பேரேட்டில் மனைவியின் இருபது ரூபாய் மனைவியின் பெயரிலேயே நிற்கிறது.

பின்னொரு பயணத்தில் அவரும் உடன்சென்றோரும் இரவில் வழி தப்பிக் கள்வர் வாழும் ஊரில் நுழைந்துவிட்டனர். பனாரசிதாசர் உடனே ஒரு வடமொழிச் சுலோகத்தைச் சொல்லி வாழ்த்தினார். அந்தணர் என்று எண்ணிய கள்வர் தலைவன் வணங்கி இடம் கொடுத்தான். இரவோடிரவாக நூல் திரித்துப் பூணூலாக அணிந்து, மண்ணைக் குழைத்துத் திலகமிட்டு அனைவரும் அந்தணராயினர். விடிந்ததும் கள்வர் தலைவனே வழி காட்டி அனுப்பினான். உயிர் காக்கச் செய்த இந்த நடிப்பையும் அவர் சாதனையாகப் பேசவில்லை, இழிவாகவும் புலம்பவில்லை. காசிப் பூசகரின் நடிப்பைப் பொய் என்று எழுதிய அதே எழுதுகோல், தம் நடிப்பையும் நடிப்பென்றே எழுதியது. பிறருக்கு ஓர் அளவுகோல், தமக்கு ஓர் அளவுகோல் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை.

தென்னாட்டு ஆசாரியர் இருவரின் நூல்கள்

பனாரசிதாசரின் வாழ்வில் மிகப் பெரிய சோதனை வாணிகத்தில் வரவில்லை, தத்துவத்தில் வந்தது. விக்கிரம ஆண்டு 1680இல், கி.பி. 1623 வாக்கில், அரதமல் தோர் என்னும் அன்பர் அவருக்குச் சமயசாரத்தின் மீது இராஜமல்லர் எழுதிய உரையைக் கொடுத்தார். சமயசாரம் ஆசாரிய குந்தகுந்தர் அருளியது. வந்தவாசியை அடுத்த பொன்னூர் மலையில் தவம் செய்தவராகவும், ஏலாசாரியர் என்னும் பெயருடையவராகவும் தமிழ்ச் சமண மரபு போற்றுகின்ற அதே குந்தகுந்தர். அவரது திருவடிகளை வணங்க அம்மலை ஏறும் தமிழ்க் குடும்பங்களுக்கு, பல நூற்றாண்டுகள் கழித்து யமுனைக் கரையில் ஒரு வணிகரின் உள்ளத்தை அந்நூல் கலக்கிய செய்தி நெருக்கமானதே.

நிச்சய நயத்தில் ஆன்மா தூயது. வினையும் உடலும் அதன் இயல்பு அல்ல என்பது சமயசாரத்தின் உட்கிடை. பனாரசிதாசர் அதைப் பற்றிக்கொண்டார். விவகார நயத்தைப் பற்றவில்லை. ஆன்மா ஏற்கெனவே தூயதெனில் செபம் எதற்கு, சாமாயிகம் எதற்கு, பிரதிக்கிரமணம் எதற்கு என்று அவற்றைக் கைவிட்டார். ஜினப்பிரதிமையை மனத்துள் இகழ்ந்தார். நண்பர் மூவருடன் அறைக்குள் ஆடையின்றி நின்று, தாங்கள் முனிவர் ஆகிவிட்டோம் என்று கூறி விளையாடினார். ஊரார் பரிகாசப் பெயர் சூட்டினர். பழைய ஒழுக்கம் கழன்றுவிட்டது. புதிய அனுபவமோ கைகூடவில்லை. இரண்டுக்கும் நடுவே நின்ற அந்த நிலையை அவர் தம் வரலாற்றில் மிகக் கடுமையாகவே விவரிக்கிறார்.

தனக்கு உண்மையாயிருத்தல் என்ற சொல்லின் ஆபத்து இங்கேதான் வெளிப்படுகிறது. உள்ளத்தில் தோன்றுவதே உண்மை, அதன்படி நடப்பதே நேர்மை, ஒழுக்கமும் விரதமும் வெளிவேடம் என்று கொள்ளுதல் எக்காலத்திலும் இளையோரைக் கவரும் எண்ணம். அந்த எண்ணத்தில் பனாரசிதாசர் ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகளைக் கழித்தார். அவர் பொய்யராக இருக்கவில்லை. தாம் நம்பியதையே செய்தார். ஆனால் தம்மைப் பற்றித் தாம் நம்பியதே தவறாக இருந்தது. தூய ஆன்மா என்று அவர் சுட்டியது, உண்மையில் கோபமும் ஆசையும் நகைப்பும் நிறைந்த தம் அன்றாட மனத்தையே.

1635 வாக்கில் பண்டிதர் ரூப்சந்தர் ஆக்ராவுக்கு வந்து ஒரு ஜினாலயத்தில் தங்கி, கோம்மடசாரத்தை விளக்கினார். இதுவும் தென்னாட்டு நூலே. சிரவணபெளகொளாவில் கோமடேசுவரர் திருவுருவை அமைப்பித்த சாமுண்டராயரின் காலத்தவரான ஆசாரிய நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி இயற்றியது. ஆன்மா ஏறிச்செல்லும் பதினான்கு குணஸ்தானங்களையும், ஒவ்வொரு படிநிலைக்கும் உரிய ஒழுக்கத்தையும் பண்டிதர் எடுத்துரைத்தபோது பனாரசிதாசருக்கு இருள் நீங்கிற்று. தாம் நிற்கும் படி எது என்று அறிந்து அதற்குரிய ஒழுக்கத்தை மேற்கொள்வதே மெய். ஏறாத படியில் நிற்பதாகக் கூறுவது பொய் என்பது தெளிவாயிற்று.

அதற்கு அடுத்த ஆண்டு, 1636இல், அவர் சமயசாரத்தை 727 செய்யுள்களில் ‘சமயசார நாடகம்’ என்னும் பெயரில் மக்கள் மொழியில் பாடி முடித்தார். தவறாகப் படித்த நூலுக்கே திரும்பிச் சென்று, அதைத் தெளிந்து பாடினார். இன்றும் வடநாட்டுத் திகம்பர ஆலயங்களில் அந்நூல் ஓதப்பட்டு வருகிறது.

இரு பக்கமும் எழுதிய ஐந்தொகை

ஐந்தாண்டுகள் கழித்து அர்த்தகதானகம் எழுதப்பட்டது. அப்போது அவர் மும்முறை மணம் புரிந்திருந்தார். பிறந்த குழந்தைகள் ஒன்பது, ஆண் ஏழு, பெண் இரண்டு. ஒன்றும் உயிரோடில்லை. தந்தையும் உயிர் நண்பர் நரோத்தமதாசரும் மறைந்துவிட்டனர். தம் நூலை எவர் புகழுக்காகவும் எவர் வாழ்வுக்காகவும் வளைக்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

நூலின் முடிவில் தம் குணங்களையும் குற்றங்களையும் அவர் தனித்தனியே எண்ணி வைக்கிறார். முதலில் வரவு: மக்கள் மொழியில் கவி பாடும் திறம், அத்தியாத்ம அறிவு, வடமொழியும் பிராகிருதமும் ஓதும் பயிற்சி, இனிய சொல், பொறுமை, பிறன்மனை நயவாமை. பின்னர் பற்று: கோபமும் செருக்கும் குறைவு, ஆனால் பொருளாசை மிகுதி. சிறிது இலாபம் வந்தால் பெருமகிழ்ச்சி. சிறிது நட்டம் வந்தால் பெருந்துயர். செபமும் தவமும் அடக்கமும் இல்லை. சொல்லத்தகாததைச் சொல்லும் வாய். கதை கூறுகையில் பொய் கலக்கும் பழக்கம். யாரும் இல்லாத தனிமையில் எழுந்து ஆடும் குறும்பு. காரணமின்றித் திடீரென எழும் அச்சம்.

இப்பட்டியலில் பெரும் பாவங்கள் இல்லை. எவராலும் கண்டுபிடிக்க முடியாத சிறு கோணல்களே உள்ளன. தனிமையில் ஆடியதை யார் அறிவார்? நட்டத்தில் உள்ளம் துவண்டதை யார் அளப்பார்? பிறர் காண இயலாத இடத்தில்தான் அவர் கணக்கைத் தொடங்கினார். அத்துடன் ஒரு வரம்பையும் வகுத்தார். வெளிப்படையாகத் தெரியும் பருநிலைகளையே தாம் கூறியதாகவும், ஓர் உயிரின் ஒரு நாளைய உள்ளநிலைகளைக் கேவலியும் சொல்லி முடிக்க இயலாது என்றும் எழுதினார். முழு உண்மையையும் சொல்லிவிட்டதாக உரிமை கொண்டாடாததும் உண்மையின் ஒரு பகுதியே.

பேரேடும் பிரதிக்கிரமணமும்

உமாசுவாமி ஆசாரியரின் தத்துவார்த்த சூத்திரம், ஏழாம் அதிகாரத்தில், அணுவிரதங்களுக்கு நேரும் அதிசாரங்களை விரிக்கிறது. சத்திய விரதத்துக்கு இழுக்காவனவற்றுள் பொய்யாவணம் எழுதுதலும், அடைக்கலப் பொருளை வைத்தவர் அளவை மறந்து குறைத்துக் கேட்கும்போது வாய் மூடியிருந்து எஞ்சியதைக் கொள்ளுதலும் உண்டு. கள்ளாமை விரதத்துக்கு இழுக்காவனவற்றுள், கொள்ளும்போது மிகுத்தும் கொடுக்கும்போது குறைத்தும் அளத்தலும், நல்ல பொருளில் போலிப் பொருளைக் கலத்தலும் உண்டு. சமண இல்லறத்தானுக்கு அறம் என்பது ஆலயத்தில் தொடங்கி, தராசிலும் ஆவணத்திலும் தொடர்வது என்பதை இவ்விதிகள் தெளிவாக்குகின்றன. தமிழில் அருங்கலச்செப்பு இத்தகைய சிராவக ஒழுக்கத்தையே இல்லங்கள்தோறும் கொண்டுசேர்த்தது.

தமிழ்ச் சமணக் குடிகளில் மிகப்பலர் வழிவழியாக நிலத்தை நம்பி வாழ்ந்தவர்கள். நெல்லை அளந்த கைகள் அடுத்த தலைமுறையில் கடை நடத்தவும், அலுவலகங்களில் பொறுப்பேற்கவும், தொலைநகரங்களில் தொழில் தொடங்கவும் சென்றுள்ளன. வரிக்கு ஓர் ஏடு, பங்காளிக்கு ஓர் ஏடு, வீட்டுக்கு ஓர் ஏடு என்று வைக்கும் வழக்கம் அங்கே அவர்களை எதிர்கொள்கிறது. இழப்பைத் தந்தையிடம் மறைக்கும் மகனும், கடனை மனைவியிடம் மறைக்கும் கணவனும் எல்லா ஊர்களிலும் உள்ளனர். அவர்களுக்குப் பனாரசிதாசர் ஒரு முனிவரின் உயரத்திலிருந்து அறிவுரை கூறுபவர் அல்லர். தந்தை கொடுத்த மணிகளைத் தொலைத்தவர், ஈராண்டு உழைத்து ஒன்றும் மிஞ்சாதவர், கடனுக்கு உண்டவர், தத்துவத்தைத் தவறாகப் படித்தவர். அவர் செய்தது ஒன்றே: எந்த இழப்பையும் வேறு பெயரில் எழுதவில்லை.

மாலையில் கடையை அடைக்குமுன் நாள்வழியைக் கூட்டிப் பார்ப்பது வணிகரின் வழக்கம். படுக்குமுன் அன்றைய குற்றங்களை நினைந்து பிரதிக்கிரமணம் செய்வது சிராவகரின் கடமை. பனாரசிதாசரின் நூலில் இரண்டும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டன. பாதிக் கதையை முடித்தபின் அவர் நெடுங்காலம் வாழவில்லை. மறுபாதி எழுதப்படவே இல்லை. கையெழுத்துப் படிகளில் தங்கியிருந்த அந்நூலை நாதூராம் பிரேமி 1943இல் பதிப்பித்தார். தமக்கு எதிராகத் தாமே எழுதிய சாட்சியத்தை அழிக்காமல் விட்டுச்சென்ற அந்த வணிகரின் கணக்கில், மணிகளும் முத்துகளும் எங்கோ போய்விட்டன. கச்சோரிக் கடைக்காரருக்குத் தீர்த்த பதினான்கு ரூபாய் மட்டும் இன்றும் வரவு வைக்கப்பட்டிருக்கிறது.